செல் நகர்வை அளக்க மாதிரி சார்ந்த முறையா, ஆழ்கற்றலா?

கேள்வி
பதிந்தவர்: நுண்படம்

வணக்கம். உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். கணினிப் பார்வையை நான் முறையாகப் பயின்றதில்லை. ஆய்வுக்குத் தேவைப்பட்டபோது தேவைப்பட்ட அளவுக்குக் கற்றுக்கொண்டேன். ஃபைப்ரோபிளாஸ்ட் எனும் இணைப்புத் திசுச் செல்கள் வளர்ப்புத் தட்டில் ஊர்ந்து செல்வதை, சாயமில்லாமலே செல்களைக் காட்டும் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கியில், 10 மடங்கு லென்ஸைக் கொண்டு, 5 நிமிடத்துக்கு ஒரு படம் வீதம் 30 மணி நேரம் பதிவு செய்கிறோம். ஒரு பிக்சலின் அளவு 0.65 மைக்ரோமீட்டர். நீண்ட நேரம் வலுவான ஒளி பட்டால் செல்கள் பாதிக்கப்படும் என்பதால் ஒளிரும் சாயமோ புரதமோ சேர்ப்பதில்லை. ஒரு மருந்தைக் கொடுத்த செல்களுக்கும் கொடுக்காத செல்களுக்கும் இடையே நகரும் வேகம், ஒரே திசையில் நீடித்துச் செல்லும் இயல்பு, ஒரு செல் பிறந்து மீண்டும் பிரிவதற்கு ஆகும் காலம் ஆகியவை எப்படி வேறுபடுகின்றன என்பதே நாங்கள் விடை தேடும் கேள்வி.

செல்களின் எல்லையை மாதிரி சார்ந்த முறையில்தான், அதாவது நாமே எழுதும் கணிதச் சமன்பாடுகளைக் கொண்டுதான், கண்டறிய வேண்டும் என்கிறார் என் நெறியாளர். ஆற்றல் சார்பில் (ஒரு கோடு எல்லைக்கு எவ்வளவு பொருந்தவில்லை என்பதை அளக்கும் கணக்கில்) உள்ள ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பொருள் உண்டு, மதிப்பீட்டாளர் கேட்டால் விளக்கம் சொல்ல முடியும் என்பது அவர் வாதம். செல்களைப் பிரித்துக் காட்டும் ஆழ்கற்றல் மென்பொருளான செல்போஸை ஓட்டினால் ஒரே மாலையில் வேலை முடிந்துவிடும் என்கிறார்கள் ஆய்வகத்தில் உள்ள மற்றவர்கள். இரண்டையும் செய்து பார்த்தேன். மாதிரி சார்ந்த சான்–வீசே முறை செல்லைச் சுற்றியுள்ள பிரகாசமான வளையத்தில் சிக்கிக்கொள்கிறது. செல்போஸ் பெரும்பாலும் நன்றாகவே பிரிக்கிறது. ஆனால் ஒட்டியிருக்கும் இரண்டு செல்களைச் சில இடங்களில் ஒன்றாக்கிவிடுகிறது, அசையாமல் இருக்கும் செல்லின் எல்லைகூடப் படத்துக்குப் படம் சற்றே மாறுகிறது.

எந்த வழியில் செல்வது? அடுத்தடுத்த படங்களில் உள்ள செல்களை இணைப்பதற்கு மாறா வேக மாதிரியுடன் கால்மன் வடிகட்டியை (செல் அதே வேகத்தில் தொடரும் என்று கொண்டு அதன் அடுத்த இடத்தைக் கணிக்கும் முறையை) பயன்படுத்தலாம் என்று நினைக்கிறேன். அந்த மாதிரியின் எடுகோள் என் முடிவுக்குள்ளும் நுழைந்துவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது.

பதில்
பதிந்தவர்: வளைகோடு

வணக்கம். உங்கள் நெறியாளர் சொல்வதிலும் ஆய்வகத்தார் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற நிலை இன்று இல்லை. நமக்கு முன்பே தெரிந்ததை எந்த இடத்தில் எழுதி வைக்கிறோம் என்பதில்தான் இந்த முறைகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன.

சற்றுப் பின்னோக்கிப் பாருங்கள். காஸ், விட்கின், டெர்சோபௌலோஸ் ஆகியோர் 1987-88 காலத்தில் முன்வைத்த செயல்படு வளைகோடு முறையில், எல்லை வழவழப்பாகவும் அளவுக்கு மீறி நீளாமலும் இருக்க வேண்டும் என்ற அறிவு ஆற்றல் சார்பின் உள் உறுப்பாகவும், படத்தில் விளிம்பு இருக்கும் இடத்தை நோக்கி அது நகர வேண்டும் என்பது வெளி உறுப்பாகவும் எழுதப்பட்டது. தொடக்கக் கோட்டை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும் என்பதும், ஒரு கோடு தானாக இரண்டாகப் பிரியாது என்பதும் அதன் குறைகள். ஆஷரும் செத்தியனும் 1988-இல் தந்த மட்டக்கணச் சமன்பாடுகள் இரண்டாவது குறையைத் தீர்த்தன. எல்லையை ஒரு பரப்பின் சுழிய மட்டக் கோடாக (உயரம் சுழியமாக உள்ள கோடாக) கொண்டால் அது இயல்பாகவே பிரியும், இயல்பாகவே சேரும். செல் பிரிவைப் பின்தொடர இது மிகவும் ஏற்றது. ஆனால் அதே இயல்பினால் அருகருகே உள்ள இரண்டு செல்களின் எல்லைகளும் ஒன்றாகிவிடும். அதனால்தான் ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனி மட்டக்கணம் வைத்து, ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் தண்டனை உறுப்பு சேர்க்கும் வழக்கம் வந்தது.

2001-இல் வெளியான சான்–வீசே முறை விளிம்பையே நாடுவதில்லை. உள்ளே ஒரு சராசரி ஒளிர்வு, வெளியே ஒரு சராசரி ஒளிர்வு என்று எடுத்துக்கொண்டு, இந்த இரண்டு மாறிலிகளுக்கும் படம் மிக நெருக்கமாகப் பொருந்தும்படி கோட்டை நகர்த்துகிறது. உங்கள் படத்தில் அது தோற்றதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஃபேஸ் கான்ட்ராஸ்ட் படத்தில் செல்லின் உட்பகுதியும் பின்னணியும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள வளையம் மட்டும் பளிச்சென்று தெரியும். மாதிரி எதிர்பார்க்கும் உலகம் அந்தப் படத்தில் இல்லவே இல்லை. எடைகளை எவ்வளவு மாற்றினாலும் இது சரியாகாது.

அந்த வளையம் எப்படி வருகிறது என்பது ஒளியியலில் தெளிவாகத் தெரிந்த செய்தி. ஃபேஸ் கான்ட்ராஸ்டைக் கண்டுபிடித்த செர்னிகேயின் அமைப்பில், மாதிரிப்பொருளில் சிதறாமல் நேராக வரும் ஒளி லென்ஸுக்குள் இருக்கும் கட்ட வளையத்தின் வழியே சென்று கால் அலைநீளம் கட்டம் மாறுகிறது, வலுவும் குறைக்கப்படுகிறது. செல்லில் பட்டுச் சிதறிய ஒளியில் ஒரு பகுதியும் தவிர்க்க முடியாமல் அதே வளையத்தின் வழியாகச் சென்றுவிடுவதால்தான் செல்லைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றுகிறது. யின், கனடே, சென் ஆகியோர் 2012-இல் இந்த ஒளியியலை ஒரு நேரியல் படிம மாதிரியாக எழுதி, வழவழப்பு, எதிர்மமின்மை, பெரும்பகுதி சுழியமாக இருத்தல் ஆகிய கட்டுப்பாடுகளுடன் பின்னோக்கித் தீர்த்துக் காட்டினார்கள். வளையம் நீங்கிய படத்தில் எளிய வரம்பு வெட்டே (ஓர் ஒளிர்வு வரம்பை வைத்துப் பிரிப்பதே) செல்களைப் பிரித்துவிடுகிறது. மாதிரி சார்ந்த முறைக்கு நான் முதலில் காட்ட விரும்பும் எடுத்துக்காட்டு இதுதான். செல் எப்படி இருக்கும் என்பதை ஊகிக்காமல், நுண்ணோக்கி என்ன செய்கிறது என்பதை எழுதினார்கள். செல்லின் வடிவத்தைவிட நுண்ணோக்கியின் இயற்பியல் நமக்கு நன்றாகத் தெரியும்.

இனி ஆழ்கற்றல் பக்கம். 2015-இல் வந்த யூ-நெட் என்ற வலையமைப்பு மிகக் குறைந்த பயிற்சிப் படங்களைக் கொண்டு வென்றது. ஃபேஸ் கான்ட்ராஸ்ட் தொகுப்புக்கு அது பயன்படுத்தியவை பகுதியளவே குறிக்கப்பட்ட 35 படங்கள். அது முடிந்ததற்கு முக்கியக் காரணம், திசுக்கள் நெகிழ்ந்து வளையும் என்ற அறிவைப் படங்களை நெகிழ்த்தி வளைத்துப் பெருக்குவதன் மூலம் உள்ளே புகுத்தியதும், தொட்டுக்கொண்டிருக்கும் செல்களுக்கு நடுவிலுள்ள குறுகிய இடைவெளிக்கு இழப்புச் சார்பில் (பயிற்சியின்போது பிழையை அளக்கும் கணக்கில்) அதிக எடை கொடுத்ததும். 2018-இன் ஸ்டார்டிஸ்ட் மென்பொருள், உட்கருவின் மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் நேர்க்கோட்டில் எல்லையை எட்டலாம் என்ற வடிவ மாதிரியைத் தன் வெளியீட்டிலேயே வைத்திருக்கிறது. உங்கள் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் நீண்டு வளைந்திருந்தால் அது பொருந்தாது. செல்போஸோ, ஒவ்வொரு செல்லின் நடுவிலிருந்தும் வெப்பம் பரவுவதுபோல் ஒரு பரவல் நிகழ்வைக் கணித்து, அதன் சரிவுத் திசைகளையே வலையமைப்புக்குக் கற்பிக்கிறது. பிறகு ஒவ்வொரு பிக்சலும் அந்தத் திசையில் நகர்ந்து எந்தப் புள்ளியில் போய்ச் சேர்கிறதோ அந்தச் செல்லுக்கு உரியதாகிறது. ஆக, செல்போஸிலும் மாதிரி இருக்கிறது. தோற்றத்தைப் பயிற்சி கற்றுக்கொள்கிறது, வடிவத்தை மாதிரி கட்டுப்படுத்துகிறது.

எனவே எல்லையைக் கண்டறிவதற்குச் செல்போஸையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் படங்களில் மறுபயிற்சி கொடுங்கள். 2022-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு, பயனர் திருத்தத் திருத்தக் கற்கும் முறையில் 100 முதல் 200 செல்களைக் குறித்தாலே போதிய தரம் கிடைப்பதாகக் காட்டியது. ஒட்டியிருக்கும் செல்களையே தேடித் தேடிக் குறியுங்கள். மருந்து கொடுத்த படங்களிலிருந்தும் கொடுக்காத படங்களிலிருந்தும் குறியுங்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால், நீங்கள் ஒப்பிடப்போகும் இரண்டு குழுக்களுக்கும் இரண்டு வெவ்வேறு பிழை அளவுகள் வந்துவிடும்.

பதில்
பதிந்தவர்: தடம்காண்

மேலே உள்ள பதிலுடன் உடன்படுகிறேன். ஆனால் எல்லை சற்றே மாறுகிறது என்று நீங்கள் ஒரு வரியில் குறிப்பிட்டுச் சென்றதைத்தான் நான் இந்த ஆய்வின் நடுச் சிக்கலாகப் பார்க்கிறேன்.

கணக்காகவே பார்ப்போம். எல்லை மாறுவதால் செல்லின் மையப்புள்ளி ஒவ்வோர் அச்சிலும் 1 மைக்ரோமீட்டர் திட்ட விலக்கத்துடன் தடுமாறுகிறது என்று வையுங்கள். உங்கள் அளவில் அது ஒன்றரைப் பிக்சல். நீண்டு பரந்த செல்லுக்கு இது மிகச் சாதாரணமான தடுமாற்றம். அடுத்தடுத்த படங்களில் இந்தப் பிழை ஒன்றையொன்று சாராதது என்றால், சிறிதும் நகராத செல்கூட ஒவ்வொரு 5 நிமிடத்திலும் சராசரியாக 1.77 மைக்ரோமீட்டர் நகர்ந்ததாகத் தெரியும். மணிக்கு 12 இடைவெளிகள். ஆக, மணிக்கு 21 மைக்ரோமீட்டர் என்ற பொய் வேகம். இதே செல்லை 15 நிமிடத்துக்கு ஒரு முறை படமெடுத்தால் பொய் வேகம் 7 ஆகக் குறைந்துவிடும். தடத்தின் நீளத்தை நேரத்தால் வகுத்துக் கிடைக்கும் வேகம், செல்லைப் பற்றிச் சொல்லும் அளவுக்குப் படமெடுத்த இடைவெளியைப் பற்றியும் சொல்கிறது.

நகரும் செல்களுக்கு வந்தால் நிலைமை இன்னும் கவனத்துக்குரியது. மருந்து இல்லாத செல்கள் மணிக்கு 30 மைக்ரோமீட்டர் நகர்கின்றன, மருந்து அதை 10 ஆகக் குறைக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மேற்சொன்ன பிழையுடன் 5 நிமிட இடைவெளியில் அளந்தால் முதலாவது சுமார் 35 என்றும் இரண்டாவது சுமார் 23 என்றும் வரும். மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிய வேகம், மூன்றில் இரண்டு பங்கு என்று கட்டுரையில் அச்சாகும். மருந்து செல்லின் வடிவத்தை மாற்றி, அதனால் மையப்புள்ளியின் தடுமாற்றம் கூடவோ குறையவோ செய்தால், வேகம் மாறாமலேயே மாறியதாகத் தெரிவதற்கும் வழி உண்டு.

இங்கேதான் மாதிரி தேவைப்படுகிறது. ஊர்ந்து செல்லும் செல்லுக்கு ஃபூர்த் 1920-இல் எழுதிய திசை நீடிப்புள்ள தற்போக்கு நடை (சிறிது நேரம் ஒரே திசையில் சென்று பிறகு திசை மாறும் நடை) இன்றும் நல்ல தொடக்கம். குறுகிய நேரத்தில் சராசரி வர்க்க இடப்பெயர்ச்சி நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது, நீண்ட நேரத்தில் நேரத்துக்கே நேர்விகிதத்தில் வளர்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடம் திசை நீடிப்பின் காலத்தைத் தருகிறது. அந்தச் சமன்பாட்டுடன் அளவீட்டுப் பிழையை ஒரு மாறிலி உறுப்பாகச் சேர்த்துப் பொருத்துங்கள். ஓர் அச்சுக்கு 1 மைக்ரோமீட்டர் பிழை என்றால், இரு பரிமாணத்தில் அந்த உறுப்பு 4 சதுர மைக்ரோமீட்டர். பிழையின் அளவைத் தனியாகத் தெரிந்துகொள்ள, ஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்திய செல்களை அதே லென்ஸில், அதே இடைவெளியில் பதிவு செய்து, அதே மென்பொருள் வரிசையில் செலுத்திப் பாருங்கள். உயிருள்ள செல் தன் விளிம்பை நீட்டிச் சுருக்குவதால் வரும் மையப்புள்ளி அசைவு அதில் இராது. ஆகவே கிடைக்கும் எண்ணைப் பிழையின் கீழ்வரம்பாகக் கொள்ளுங்கள்.

கால்மன் வடிகட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். அதன் கணிப்பை, அடுத்த படத்தில் எந்தச் செல் எந்தத் தடத்துக்கு உரியது என்று முடிவு செய்ய மட்டும் பயன்படுத்துங்கள். வடிகட்டி மென்மையாக்கித் தரும் இடங்களிலிருந்து வேகத்தையும் திசை நீடிப்பையும் கணக்கிட்டால், மாறா வேகம் என்று நீங்களே உள்ளே வைத்த எடுகோள் நீண்ட திசை நீடிப்பாக வெளியே வந்து நிற்கும். உங்கள் அச்சம் நியாயமானது. கணக்குக்குச் செல்ல வேண்டியவை மென்மையாக்கப்படாத மையப்புள்ளிகள்.

இணைப்பதற்கான உச்ச தூரத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். ஃபிஜி எனும் பட ஆய்வு மென்பொருளில் உள்ள தடமறி கருவியான ட்ராக்மேட், 2008-இல் ஜகமான் குழுவினர் வகுத்த ஒதுக்கீட்டு முறையை (எதை எதனுடன் இணைத்தால் மொத்தச் செலவு குறையும் என்று பார்க்கும் முறையை) தழுவியது. முதலில் அடுத்தடுத்த படங்களை இணைக்கும், பிறகு அறுந்த தடங்களையும் பிரிவுகளையும் சேர்க்கும். உச்ச தூரத்தைச் சிறியதாக வைத்தால் வேகமாக ஓடும் செல்களின் தடங்கள் அறுந்து, வேகப் பரவலின் வால் வெட்டுப்படும். இடப்பெயர்ச்சிகளின் பரவலை வரைந்து பார்த்து, அது வரம்பைத் தொடுவதற்கு வெகு முன்பே சுழியத்துக்கு இறங்கியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

நுண்படம்:

இரண்டு பதில்களுக்கும் மனமார்ந்த நன்றி. நிலைப்படுத்திய செல்களை இந்த வாரமே பதிவு செய்ய ஏற்பாடு செய்துவிட்டேன். வேகக் கணக்கில் பிழை உறுப்பு ஏன் வேண்டும் என்பதை நெறியாளரிடம் காட்ட, தடம்காண் தந்த எண்களே போதும். பிரிவுக் காலத்தைப் பற்றி இன்னும் ஓர் ஐயம். பிறப்பும் பிரிவும் இரண்டும் காணொளிக்குள் தெரிகிற செல்களை மட்டும் எடுத்துச் சராசரி காண்பது எங்கள் வழக்கம். அரைகுறைத் தடங்களை விட்டுவிடுவதுதான் நேர்மையானது என்று இதுவரை நினைத்திருந்தோம். அது சரியா?

பதில்
பதிந்தவர்: இடைக்காலம்

சரியன்று. அரைகுறைத் தடங்களை விட்டுவிட்டால் முடிவு ஒரு பக்கமாகச் சாயும். உங்கள் காணொளி 30 மணி நேரம். 24 மணி நேரம் எடுத்துக்கொள்ளும் செல் முழுமையாகத் தெரிய வேண்டுமானால், அது முதல் 6 மணி நேரத்துக்குள் பிறந்திருக்க வேண்டும். 16 மணி நேரத்தில் பிரியும் செல்லோ முதல் 14 மணி நேரத்தில் எப்போது பிறந்திருந்தாலும் முழுமையாகத் தெரியும். பிறப்புகள் நேரத்தில் சீராகப் பரவியிருந்தால்கூட, விரைவில் பிரியும் செல்லுக்கு உங்கள் சராசரியில் இடம்பெறும் வாய்ப்பு இருமடங்குக்கும் மேல் கிடைத்துவிடுகிறது. 30 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும் செல் ஒருபோதும் தெரியாது. மருந்து பிரிவைத் தாமதப்படுத்தினால், அதன் விளைவு வலுவாக இருக்க இருக்க உங்கள் கண்ணுக்குப் படாமல் போகும்.

மருத்துவப் புள்ளியியலில் இதற்குப் பழகிய தீர்வு உண்டு. பிறப்பு தெரிந்து, பிரிவு தெரியாமல் காணொளி முடிந்துபோன செல்லையும் “இத்தனை மணி வரை பிரியவில்லை” என்ற தகவலாகச் சேர்த்துக்கொள்ளும் கப்லான்–மையர் மதிப்பீடு 1958 முதல் இருக்கிறது. மருந்துள்ள குழுவுக்கும் இல்லாத குழுவுக்கும் அந்த வளைவுகளை வரைந்து ஒப்பிடுங்கள்.

அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. தடம் அறுவதற்கும் செல் பிரிவதற்கும் தொடர்பு இருக்கக் கூடாது. ஃபேஸ் கான்ட்ராஸ்டில் இந்த நிபந்தனை எளிதில் உடையும். பிரியப்போகும் செல் தட்டிலிருந்து சற்று எழும்பி, உருண்டு, பளபளப்பான உருண்டையாகிறது; பரந்த செல்களையே பார்த்துப் பயின்ற வலையமைப்பு துல்லியமாக அந்த இடத்தில்தான் செல்லைத் தவறவிடும். பிரியும் நொடியிலேயே தடம் அறுந்தால் அந்தச் செல் “பிரியவில்லை” என்று பதிவாகிறது. எனவே அறுந்த ஒவ்வொரு தடத்தின் கடைசிச் சில படங்களையும் கண்ணால் பாருங்கள். உருண்ட செல்களைப் பயிற்சிப் படங்களில் வேண்டுமென்றே கூடுதலாகச் சேருங்கள். தடங்களை இணைக்கும்போது, படத்தின் ஓரத்தைத் தவிர வேறெங்கும் செல் புதிதாகத் தோன்றாது, ஒன்று இரண்டாகுமே தவிர இரண்டு ஒன்றாகாது என்ற உயிரியல் விதிகளை ஒதுக்கீட்டுச் செலவில் எழுதுங்கள். ஒட்டிய செல்களைச் செல்போஸ் சேர்த்துவிடும் இடங்களையும் இந்த விதிகளே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும், ஏனெனில் அங்கே இரண்டு தடங்கள் ஒன்றில் போய் முடியும்.

ஒரு செய்தியில் வளைகோடு அவர்களிடமிருந்து சிறிது மாறுபடுகிறேன். செல்லின் முன்விளிம்பு நீள்வதையும் சுருங்குவதையும் அளக்கும் எண்ணம் பின்னால் வருமானால், செல்போஸின் பிக்சல் எல்லை அதற்குப் போதாது. அதைத் தொடக்கக் கோடாக வைத்து, அதன்மேல் ஒரு செயல்படு வளைகோட்டையோ மட்டக்கணத்தையோ ஓட்டினால் பிக்சலுக்கும் நுண்ணிய எல்லையும் வளைவும் கிடைக்கும். தொடக்கக் கோட்டை எங்கே வைப்பது என்ற பழைய குறையும் அங்கே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. உங்கள் நெறியாளர் விரும்பும் ஆற்றல் சார்புக்கு உரிய இடம் அதுதான்.

பதில்
பதிந்தவர்: வளைகோடு

இடைக்காலம் சொல்லும் மாறுபாட்டை ஏற்கிறேன். விளிம்பின் இயக்கமே கேள்வியானால் அந்த வழிதான் சரி.

மதிப்பீட்டாளரைப் பற்றிய கவலைக்கு ஒரு செய்முறை சொல்கிறேன். செல் தடமறிதல் போட்டிக்காக 2013 முதல் வெளியிடப்பட்டு வரும் பொதுத் தொகுப்புகளில் யூ373 எனும் மூளைப்புற்றுச் செல்களின் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் காணொளிகள் உள்ளன; உங்கள் முழு வரிசையையும் முதலில் அவற்றில் ஓட்டி, அந்தப் போட்டியின் பிரிப்பு அளவுகோலில் மதிப்பெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் செல்கள் வேறு என்பதால் அது மட்டும் போதாது. தடம்காண் கூறிய தற்போக்கு நடையில் கணினியிலேயே தடங்களை உருவாக்கி, நிலைப்படுத்திய செல்களில் அளந்த பிழையை அவற்றில் கலந்து, அதே கணக்கு வரிசையில் செலுத்துங்கள்; நீங்கள் வைத்த வேகமும் திசை நீடிப்பும் திரும்பக் கிடைக்கின்றனவா என்று அட்டவணையாகத் தாருங்கள். உண்மைக் காணொளியில் மூன்றில் ஒரு படத்தை மட்டும் எடுத்து 15 நிமிட இடைவெளியாக்கி மறுபடியும் கணக்கிடுங்கள். பிழை உறுப்பு சரியாக இருந்தால் இரண்டு இடைவெளிகளிலும் ஒரே வேகம் வரும். வராவிட்டால் மருந்துக் குழுவை ஒப்பிடும் முன் எல்லைப் பயிற்சிக்குத் திரும்ப வேண்டும், முதலில் பார்க்க வேண்டியவை மெலிந்து நீண்ட செல்கள்.